நூல் கட்டிய மொச்சை

தோட்டம் முழுக்கச் சிவப்பு நூல்.

நேற்று நான் போகும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. நான் கட்டியது மட்டும். இப்போது ஒரு காம்பு பாக்கியில்லை. மொச்சைச் செடியெல்லாம் தர்கா கந்தூரிக்குக் கிளம்பியது மாதிரி நிற்கிறது.

அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

"யாரு பாத்த வேலை இது?" என்று கத்தினேன்.

குடத்தை இறக்கிவைத்துவிட்டு ரம்ஜான் பீவி வந்தாள். நிலம் அவளுடையது. கடல்தண்ணீர் ஏறி, உப்புப் பூத்து, போட்டதெல்லாம் கருகிப்போன பிறகு ஆராய்ச்சிக்கென்று எங்கள் நிலையத்துக்கு விட்டவள். தண்ணீர் ஊற்றுவதும் அவள்தான்.

"நாந்தான் ஜோஸ்லின் மேடம்," என்றாள். முகத்தில் சந்தோஷம் வேறு.

ஊர் ஊராய் அலைந்து சேர்த்த மொச்சைகளில் கீழக்கரைக் கொல்லையில் கிடைத்தது ஒன்றுதான் உப்பைத் தாங்கும். ஆனால் காய்ப்பு கிடையாது. மலையடிவார மொச்சை கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். இந்த மண்ணில் வைத்தால் சுருண்டுவிடும். இரண்டையும் கலந்து இந்த மண்ணுக்கென்று ஒன்றை எடுக்க வேண்டும்.

சாயங்காலம் ஒன்றின் மொட்டைப் பிரித்து அதன் மகரந்தப்பைகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, விடிந்ததும் மற்றதன் மகரந்தத்தைத் தடவ வேண்டும். தடவிய பூவுக்கு அடையாளம் நூல். பெயர்ச்சீட்டைக் கட்டினால் இங்கே அடிக்கிற காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும். பத்துப் பூவில் ஒன்று பிடித்தாலே பெரிய விஷயம்.

பிடித்திருந்தது. நேற்றுத்தான் பிஞ்சுகளைப் பார்த்துவிட்டுப் போனேன்.

இனி எது கலந்த காய், எது தானாகப் பிடித்த காய்? எல்லாவற்றையும் விதைத்து வளர்த்தால்தான் தெரியும். அதற்கு இன்னொரு போகம் யார் தருவார்? இந்த முறையும் கலப்பு விதை கொடுக்காவிட்டால் தோட்டத்தை மூடச் சொல்லிவிட்டார்கள் நிலையத்தில்.

நூலிலாவது வித்தியாசம் இருக்கிறதா என்று பார்த்தேன். நான் வாங்கிய கடையிலேயே விசாரித்து வாங்கியிருக்கிறாள், மகராசி.

"எதுக்கு லாத்தா இப்படிச் செஞ்சீங்க?"

"நீங்க ஒண்ணு ரெண்டுக்குத்தான கட்டுனீங்க. மத்தது ஏங்கிப்போயிராதா? தர்காவுல புள்ளை வேணும்னு நேந்துக்கிட்டுக் கட்டுவோம்ல, அது மாதிரி ஒவ்வொண்ணுக்கும் துஆ கேட்டுத்தான் கட்டுனேன். என் மண்ணுல மறுபடி காய்ச்சிறணும்னு."

"செடியைத் தொடாதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்? அது நேர்ச்சையுமில்ல ஒண்ணுமில்ல. அடையாளம். இது சயின்ஸு லாத்தா, சயின்ஸு."

அவள் முகம் செத்துப்போனது. கேட்கலாமா கூடாதா என்று தயங்கியது தெரிந்தது. அப்புறம் கேட்டேவிட்டாள்.

"அப்ப விடியக்காலம் ஒவ்வொரு பூவுலயும் குனிஞ்சு, வாய்க்குள்ளயே என்னமோ ஓதிக்கிட்டே கட்டுனீங்களே மேடம். அது என்னது?"



அருள் நிறைந்த மரியே ஜெபம்தான். ஒரு பூவுக்கு ஒன்று.