புஜ்ஜியின் இடது கண்

"அய்யய்யோ! யம்மா, இங்க வந்து பாரேன்!"

பிரபா போட்ட கூச்சலில் ரேணுகாவின் கையிலிருந்த பை நழுவிக் கீழே விழுந்தது. செய்யூரில் அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போய், மூன்று நாள் கழித்து இப்போதுதான் மாமல்லபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்திருக்கிறார்கள். வீட்டுப் பூட்டைக்கூடத் திறக்கவில்லை.

வாசற்படியில் புஜ்ஜி உட்கார்ந்திருந்தது. பிரபா குட்டியிலிருந்து வளர்க்கிற பூனை. அதற்கு இடது கண் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணே இல்லை! ரோஸ் கலரில் ஒரு சவ்வு. அதை மேல் இமையோடு சேர்த்துக் கறுப்பு நூலால் நாலு தையல்.

ரேணுகா குனிந்து பார்த்தாள். கிளம்புகிற வரைக்கும் அந்தக் கண்ணில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது வாஸ்தவம். அவளும் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்துதான் பார்த்தாள். அதற்காக, உயிரோடு இருக்கிற பூனையின் கண்ணை யாராவது தைப்பார்களா?

"எந்தப் படுபாவி பண்ண வேலடி இது?"

சத்தம் கேட்டு எதிர்வீட்டு ஞானம்பாள் ஓடிவந்தாள். பார்த்ததும் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"வேற யாரு? உங்க பக்கத்து வூட்டு துரதான். முந்தாநேத்து கூடைல போட்டு வண்டில எடுத்துகினு போனத என் கண்ணால பாத்தேன். கருவாட்ட துன்னுட்டுப் பூடுதுன்னு அதுமேல எவ்ளோ காண்டு அவனுக்கு! கண்ண நோண்டிருவேன்னு சொல்லிகினே இருப்பானே!"

துரை கடற்கரையில் வலை தைக்கிறவன். ஊசியும் நூலும் எந்நேரமும் அவன் கையில்தான் இருக்கும். இதற்கு மேல் சாட்சி என்னத்துக்கு?

ரேணுகா பூனையை வாரிக்கொண்டு போய் அவன் வாசலில் நின்றாள். பின்னாலேயே பிரபா, ஞானம்பாள், பாதித் தெரு.

"யோவ், வெளிய வாய்யா! நீயெல்லாம் மனுஷனா? வாயில்லா ஜீவன் கண்ண, வலை தைக்கிற மாரி தெச்சு வெச்சுகீறியே!"

சாப்பிட்டுக்கொண்டிருந்த துரை எச்சில் கையோடு வந்தான்.

"கத்தாத ரேணுகா. நீங்க போனப்பறம் கண்ணு ரொம்ப மோசமாப் பூச்சு. செங்கல்பட்டு மாட்டாஸ்பத்திரிக்கு எடுத்துகினு போனேன். டாக்டரம்மாதான் தெச்சாங்க. தையல பிராண்டக்கூடாதுன்னு கழுத்துல அட்டை கட்டி வுட்டாங்க, அத்தயும் பிச்சுப் போட்டுட்டு ஓடியாந்துடுச்சு."

"நீ? புஜ்ஜிக்காக? செங்கல்பட்டு வரைக்கும்? யாராண்ட கத வுடற?"

"தோ, ஆஸ்பத்திரி சீட்டு கீது பாரு."

சீட்டின் பின்பக்கம் டாக்டரின் போன் நம்பர் இருந்தது. ரேணுகா போனை எடுத்தாள்.

துரையின் முகம் மாறிவிட்டது. "போன்லாம் இப்ப வேணாம்மா. அப்பறமா தனியாப் பேசிக்க."

"ஏன், மாட்டிக்குவியா?"

நம்பரைப் போட்டு, ஊரே கேட்கட்டும் என்று ஸ்பீக்கரையும் தட்டிவிட்டாள்.

"அந்தக் கண்ணு தெச்ச பூனையா?" என்றார் டாக்டரம்மா. "கருவிழியில புண்ணும்மா அதுக்கு. புண்ணு இருக்கிற கண்ணுல ஸ்டீராய்டு சொட்டு மருந்த ஊத்தியிருக்காங்க. கருவிழியே கரைய ஆரம்பிச்சிடுச்சு. பூனைக்கு உள்ளே மூணாவதா ஒரு இமை உண்டு. அதை இழுத்து மூடித் தெச்சிருக்கேன். மூணு வாரம் கழிச்சுப் பிரிச்சாத்தான் பார்வை மிஞ்சுமான்னு தெரியும்."

"மருந்த ஊத்துனது யாரு மேடம்?" ஞானம்பாள் எட்டிக் கேட்டாள்.

"கொண்டுவந்தாரே, அவரேதான். மனுஷங்க மருந்த பூனைக்கு ஏன்யா ஊத்துனேன்னு கேட்டேன். தெரியாம ஊத்திட்டேன்னு தலையக் குனிஞ்சுகிட்டாரு. நல்லா திட்டித்தான் அனுப்பினேன்."

தெரு கொதித்துவிட்டது. "கண்ண அவிச்சிட்டு ஆஸ்பத்திரி வேற காட்டுறானாம்! போலீஸ்ல சொல்லணும் இவன!" என்று ஞானம்பாள் குதித்தாள். யாரோ போட்டோகூட எடுத்தார்கள்.

பிரபா அழுதுகொண்டே துரையின் வயிற்றில் குத்தினாள். "எதுக்கு மாமா ஊத்துன? இனிமே உன்னாண்ட பேசவே மாட்டேன், போ!"

"தெரியாம பண்ட்டேன் பாப்பா," என்றான் துரை.

பிரபா பூனையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். திட்டித் தீர்த்துவிட்டுக் கூட்டமும் கலைந்தது.

ரேணுகா மட்டும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. தெரு காலியானதும் அவன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே... மருந்த ஊத்துனது நானு. சிலை செதுக்கசொல்ல எங்க வூட்டுக்காரருக்கு கண்ணுல கல்லு தெறிச்சுதே, அப்ப குடுத்தது. மிச்சம் இருந்துச்சு. கண்ணு மருந்துதானேன்னு ஒரு வாரமா ஊத்துனேன்."

"தெரியும். மாடில கருவாடு காய வெக்கசொல்ல பாத்துகினுதான இருந்தேன்."

"பின்ன எதுக்கு, நீ ஊத்துனதா சொன்ன?"

"டாக்டரம்மா நம்பரு எழுதசொல்லவே நெனச்சேன், எப்படியும் நீ போன் போடுவ, பாப்பா பக்கத்துல நின்னுகினு இருக்கும்னு." துரை காய்ந்துபோன கையை லுங்கியில் துடைத்துக்கொண்டான். "என்னாண்ட பேசலன்னா போவட்டும். உன்னாண்ட பேசாம, பாவம், பாப்பா எங்க போவும்மா?"