தலைக்கு மேலே ஒரு சிலுவை

நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் ஓய்வு பெற்றவர்களுக்கான ஓவிய வரலாற்று வகுப்பில் நானும் என் மனைவி மாக்டெல்டும் சேர்ந்தோம். வகுப்பில் எல்லோருடைய வயதையும் கூட்டினால் நோவாவின் கப்பல் காலத்துக்கே போய்ச் சேரலாம்.

வகுப்பு நடக்கும் அருங்காட்சியகத்தில் ஐந்நூறு வருஷப் பழைய படம் ஒன்று இருக்கிறது. ஒரு குடும்பமே வரிசையாக மண்டியிட்டு ஜெபிக்கிறது. அந்தக் காலத்தில் வீட்டில் யாராவது இறந்தால், ஓவியனைக் கூப்பிட்டுப் படத்தில் இறந்தவர் தலைக்கு மேல் சின்னச் சிவப்புச் சிலுவை போடச் சொல்வார்கள். கடைசிப் பெண்ணுக்கு மட்டும் சிலுவை இல்லை. ஊருக்கே நிழல் தரக்கூடிய மூக்கு அவளுக்கு.

"அது என் மூக்குய்யா கிழவா! பாரு, நான் மட்டும்தான் சாகல," என்று மாக்டெல்ட் சிரித்தாள்.

குளிர்காலத்தில் அவள் நோயில் படுத்துவிட்டாள். நான் தனியாக வகுப்புக்குப் போனேன். வியாழன்தோறும் திரும்பி வந்து, "இன்னும் சிலுவை போடல, எழுந்திருடி சோம்பேறி," என்பேன். அதைக் கேட்ட பிறகுதான் சூப்பைக் குடிப்பாள்.

போன வியாழன் அந்தப் பெண்ணின் தலைக்கு மேல் சிலுவை இருந்தது. மற்ற சிலுவைகளைப் போலவே அதுவும் மங்கி, வெடிப்பு விட்டிருந்தது.

"அது எப்பவுமே இருக்குதே," என்றார் ஆசிரியர் ஃப்ளோரிஸ்.

வீட்டுக்கு வந்து சூப்பைச் சூடாக்கி எடுத்துப் போனேன். "இன்னும் போடல," என்றேன்.

"அப்புறம் ஏன் கிழவா, என் தலைக்கு மேலயே பாக்குற?"