கத்தி வீட்டு மாப்பிள்ளை

“இன்னைக்கு ஒரு நாளாவது அந்தக் கத்தியெல்லாம் கழட்டிப் பரண்ல போடுங்களேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேம்ப் ரோடு வந்துட்டாங்களாம்.”

ரத்தினபாய் கெஞ்சினாள். தயாளன் அசையவில்லை. ஹால் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த கத்திகளை மஞ்சள் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்கள் இடுப்பில் கட்டிச் சண்டை போட்டவை. இருபத்தைந்து வருடச் சேகரிப்பு. செலையூரில் கத்தி வீடு என்று சொன்னால் ஆட்டோக்காரர் வழி கேட்காமல் கொண்டுவந்து விடுவார்.

“இதைப் பார்த்துட்டு ஓடுறவன் எனக்கு மருமகனா வேணாம். நான் கண்ணை மூடின மறுநாளே எடைக்குப் போட்டுருவான்.”

“மூணு பேர் ஓடியாச்சு. அவளுக்கு இருபத்தெட்டு முடியப்போகுது. உங்களுக்கு மக வேணுமா, கத்தி வேணுமா?”

மூன்று பேரும் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடியது உண்மைதான். பள்ளிக்கரணைப் பையன் ஹெல்மெட்டைக்கூட விட்டுவிட்டுப் போனான். அதை வாங்கிக்கொள்ள இன்றுவரை ஆள் வரவில்லை.

“இருக்கட்டும்மா” என்றாள் ரேஷ்மா, கண்ணாடி முன் நின்று தலை வாரியபடி. “அப்பா ஆசையா வச்சிருக்கார். பிடிச்சவங்க வந்தா போதும்.”

“கேட்டுக்கோ. இது என் பொண்ணு” என்றார் தயாளன்.

ஜெபின் தன் அம்மா ஈவ்லினோடு வந்தான். காட்டாங்குளத்தூரில் கல்லூரி வாத்தியார். சர்ச்சில் ரேஷ்மாவைப் பார்த்துப் பிடித்துப்போய் ஈவ்லினே போன் போட்டுக் கேட்ட சம்பந்தம். ரத்தினபாய் கேசரித் தட்டை நீட்டியபடி சுவரை மறைத்துக்கொண்டு நின்றாள். அவள் ஒருத்தி எவ்வளவுதான் மறைக்க முடியும்?

“தம்பி, இங்க வாங்க” என்று தயாளன் சுவரோரம் கூப்பிட்டு, ஒல்லியான ஒரு குத்துவாளை உருவினார். “இது என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்.”

ரத்தினபாய் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தாள்.

“பிரிட்டிஷ் கமாண்டோ கத்தி, அங்கிள். பிடி வளையம் வளையமா இருக்கு, அப்போ இது போர் பாதிக்கு மேல வந்த மாடல்.”

தயாளனின் புருவம் உயர்ந்தது. அடுத்ததை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

“அமெரிக்க மரைன்ஸ் வச்சிருந்தது. தோலை வட்டமா வெட்டி அடுக்கிப் பிடி போட்டிருக்காங்க.”

சொல்லிவிட்டு, கத்தியை அவர் கையில் தராமல் மேஜைமேல் வைத்தான். “கத்தியைக் கைக்குக் கை கொடுத்தா சண்டை வரும்னு சொல்வாங்க. நமக்குள்ள எதுக்கு அங்கிள்?”

பிறகு உள்ளங்கைகளைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டான். பழைய பொருள்மேல் பையனுக்கு எவ்வளவு பக்தி என்று தயாளன் நினைத்துக்கொண்டார். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இருபத்தைந்து வருடமாக யார் காதிலும் ஏறாத விஷயம், இப்போது வேறொருவன் வாயிலிருந்து வருகிறது.

“ரத்தினம், பார்த்தியா? என் கத்தியே எனக்கு மாப்பிள்ளையைத் தேடிக் கொடுத்திருச்சு.” ஈவ்லின் பக்கம் திரும்பினார். “எனக்குப் பரிபூரண சம்மதம். வர்ற மாசமே நிச்சயம் வச்சுக்கலாம். இந்தச் சுவரு இனிமே தம்பி பொறுப்பு.”

ரத்தினபாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரேஷ்மா தரையைப் பார்த்துச் சிரித்தாள். சம்மதம் கிடைத்த தெம்பில் ஜெபின், யாரும் கேட்காமலே நடுவில் தொங்கிய கூர்க்கா கத்தியைத் தொட்டான். அதன் வெட்டும் ஓரத்தில் கடுகளவு உடைந்து பல்லுப் போயிருந்தது.

“இது பர்மா சண்டையில ஜப்பான்காரன் குண்டு பட்ட இடம்தானே அங்கிள்? இந்தக் கத்திதான் அந்தச் சிப்பாய் உயிரைக் காப்பாத்துச்சு. அதுக்கு நன்றியா அவர் சாகுறவரைக்கும் தினமும் கத்திக்கு ஒரு டம்ளர் பால் வச்சு, மிச்சம் வைக்காம தானே குடிச்சாராமே.”

தயாளன் மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தார். ரேஷ்மா நாக்கைக் கடித்துக்கொண்டு சமையலறைக்குள் நழுவினாள்.

அந்தக் கதை எந்தப் புத்தகத்திலும் கிடையாது. தேங்காய் உடைக்கப்போய்க் கத்தி பல்லுப்போன அன்றைக்கு, பால் குடிக்க அடம்பிடித்த ஐந்து வயது ரேஷ்மாவுக்காகத் தயாளனே கட்டிவிட்ட கதை அது. அவளைத் தவிர வேறு யாரிடமும் அவர் அதைச் சொன்னதே இல்லை.