வசம்பு வளையல்

எழுதிப் பழகாத நான் இதனை எழுதத் துணிந்தமையைப் பெரியோர் பொறுத்தருள வேண்டுகிறேன். வேகம் குறைந்த புற்றுதான் என்று கூறி என் புராஸ்டேட் சுரப்பியை அகற்றினார்கள். அதன்பின் சிறுநீர் அடங்கவில்லை. என் மனைவி வடிவு பழைய வேட்டிகளைச் சதுரமாகக் கிழித்து எனக்குக் கட்டிவிடுவாள். துவைத்து மாடிக் கொடியில் உலர்த்துவாள். ஈராண்டு கழித்து, நோய் திரும்பிவிட்டது, கதிர்வீச்சு தேவை என்று மருத்துவர் தெரிவித்தார். அன்று வீடு திரும்பியபோது, பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த இசக்கியம்மாள் கைக்குழந்தைக்குக் கட்டும் வசம்பு வளையலுடன் வாசலில் நின்றார்.

"என்ன வடிவு, பேரப்பிள்ள வந்திருக்கு, ஒரு வார்த்த சொல்லல? கொடி நெறைய துணி காயுதே! ஆணா, பொண்ணா?"

நான் தலைகுனிந்தேன். வடிவு கூசவில்லை.

"ஆணுதான்க்கா. கொஞ்சம் சவலப் பிள்ள."

"தேறிருவான். இதக் கையில கட்டு, ஒண்ணும் அண்டாது."

உள்ளே வந்ததும் வடிவு அதை என் மணிக்கட்டில் வைத்தாள். நூல் எட்டவில்லை. தன் கூந்தல் நாடாவை அவிழ்த்து, அதனுடன் முடிந்து, நீட்டிக் கட்டினாள். என் கண்கள் நிறைந்தன.

"பிள்ள அழுதா பசின்னு அர்த்தம்," என்று இட்லி எடுக்கப் போனாள்.

நாளை கதிர்வீச்சு தொடங்குகிறது. இதுவரை இழந்தவை: ஒரு சுரப்பி, சிறுநீரை அடக்கும் வலு, தாம்பத்திய சுகம். இவ்வளவே.