புது ஆயில்

ஆயில் அளவு பார்க்க உருவிய டிப்ஸ்டிக்கின் முனையில், பால் அதிகமாகிப்போன காபி நிறத்தில் கொழகொழவென்று ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஜெயசுதா அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

கல்வராயன் மலையில் பாதி தூரம்கூட ஏறவில்லை. முன்பக்கம் ஆவி கிளம்பியதுமே காரை ஓரங்கட்டி, கணவன் அய்யப்பனுக்குத்தான் முதலில் போன் போட்டிருந்தாள்.

“ஏங்க, கார் நின்னுபோச்சுங்க.”

“அச்சச்சோ! திரும்ப ஸ்டார்ட் பண்ணாத. ஆயில்ல தண்ணி எறங்கியிருக்கும், தொறந்து பாரு. அப்டியே வுட்டுட்டு பஸ்ஸ புடிச்சு வூடு வந்து சேரு. இந்த மலை உத்தியோகம் வேணாம்னு நான் அப்பவே சொன்னேன்.”

உரக்கடை வைத்திருக்கும் மனுசனுக்கு வண்டி விஷயம் இவ்வளவு தெரிந்திருக்கிறதே என்று அவளுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

அந்தப் பக்கமாக வந்த பிக்கப் வேன் நின்றது. டிரைவர் ராசு இறங்கி வந்து டிப்ஸ்டிக்கை வாங்கி முகர்ந்தான்.

“கூலன்ட் உள்ள கலந்துட்டுக்குது மேடம். தண்ணியும் ஆயிலும் கலக்காம தடுக்கற ஹெட் கேஸ்கெட் போச்சு. வண்டி யாருது?”

“எங்க அண்ணன் குடுத்தது. நாலு நாள்தான் ஆவுது. அன்னைக்குப் பாத்தப்ப ஆயில் தேன் மாதிரி இருந்துச்சே!”

“புது ஆயில ஊத்தி மறைச்சிருக்காங்க. டவுன்லயே ஓட்டிக்கினு இருந்தா தெரியாது. மலை ஏறுனா காட்டிக் குடுத்துடும்.”

ஜெயசுதாவுக்குப் பதினாறு வருஷ சர்வீசுக்குப் பிறகு தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு. மலையில் ஸ்கூல் என்றதும், “பஸ்ஸ நம்பி நிக்காதம்மா” என்று தன் காரையே கொடுத்தவன் அண்ணன் வெங்கடேசன். ஸ்கூல் சாவி அவள் பையில் இருந்தது. பிள்ளைகள் வாசலில் நின்றுகொண்டிருப்பார்கள். ராசுவின் வேனிலேயே ஏறிப் போனாள். காரைத் திரும்பும்போது கட்டி இழுத்துப்போய்க் கள்ளக்குறிச்சியில் தனக்குத் தெரிந்த ஒர்க் ஷாப்பில் விட்டுவிடுவதாக அவன் சொன்னான்.

சாயங்காலம் அய்யப்பனின் பைக்கில் நேராக சங்கராபுரம். அண்ணன் வீட்டு வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

“கேஸ்கெட் போன வண்டின்னு உனக்கு தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லு.”

வெங்கடேசன் தங்கையைப் பார்த்தான். பைக்கை ஸ்டாண்ட் போட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளையைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

“கேஸ்கெட் போயிருந்தது எனக்கு தெரியும் சுதா.”

இல்லவே இல்லை என்று சத்தியம் செய்வான் என்றுதான் வழி நெடுக நம்பிக்கொண்டு வந்திருந்தாள். அந்த நம்பிக்கை போன இடத்தில் வார்த்தைகள் தாறுமாறாகக் கிளம்பின.

“அந்த மேட்டுல வண்டி கவுந்திருந்தா இன்னா பண்ணியிருப்ப? மாலை வாங்கினு வந்திருப்பியா? இனிமே எனக்கு அண்ணன்னு யாரும் கெடையாது. என் வூட்டுப் படி ஏறிடாத!”

“மாப்ள, பாத்து கூட்டினு போங்க” என்று மட்டும் சொன்னான் வெங்கடேசன்.

திரும்பும் வழியில் அய்யப்பன் மெதுவாகப் பேசினான். “கூடப் பொறந்தவனே இப்டி பண்ணா யார நம்பறது? ஒண்ணும் வேணாம் சுதா. பதவி உயர்வு வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு பழைய ஸ்கூலுக்கே போய்டு. நிம்மதியா இருக்கலாம்.”

வீட்டுக்கு வந்ததும் எழுதிவிட்டாள். ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’ என்று எழுதும்போது பேனா ஒரு நொடி நின்றது. அண்ணன் குனிந்த தலை ஞாபகம் வந்ததும் மீதியை வேகமாக எழுதி முடித்தாள்.

மறுநாள் காலை, கடிதத்தைக் கல்வி ஆபீசில் கொடுக்கக் கள்ளக்குறிச்சிக்குப் போனவள், முதலில் ஒர்க் ஷாப்புக்குப் போனாள். காருக்கு அடியில் வைத்திருந்த சட்டியில் வெளுத்த ஆயில் நிரம்பியிருந்தது. மெக்கானிக் சின்னக்கண்ணு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“பயப்படாதீங்க மேடம். எஞ்சின் இறுகி சீஸ் ஆவல. ஸ்டார்ட் பண்ணாம வுட்டது நல்லதாப் போச்சு. உள்ள நல்லா கழுவி, கேஸ்கெட்ட மாத்திட்டா மூணு நாள்ல மலைக்கே எடுத்துனு போலாம்.”

“ஒண்ணும் மாத்த வேணாம். அப்டியே கொண்டு போய் சங்கராபுரத்துல எங்க அண்ணன் வாசல்ல வுட்டுடுங்க. ஏமாத்துனவருக்கே போய்ச் சேரட்டும்.”

சின்னக்கண்ணு விழித்தார். “யாரு, வெங்கடேசண்ணனா? இன்னா மேடம் சொல்றீங்க? அவரு போன வாரமே கேஸ்கெட் மாத்தத்தான் வண்டிய இங்க வுட்டாரு. தங்கச்சி மலை ஏறப் போவுது, அரைகுறையா செஞ்சுடாதன்னு புதுசு வாங்கி என் கையிலயே குடுத்துட்டுப் போனாரு. தோ பாருங்க, கவர் கூட பிரிக்கல.”

ஜெயசுதா அந்தப் பிரிக்காத கவரையே பார்த்தாள். “அப்பறம் ஏன் மாத்தல?”

அவர் தயங்கினார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

“மறுநாள் வண்டிய எடுக்க உங்க வூட்டுக்காரரு வந்தாருங்க. மச்சான்கிட்ட நான் சொல்லிக்கறேன், ஆயில மட்டும் மாத்திக் குடு, போதும்னாரு.”