போட்டுக் காட்டிய படம்

"தியேட்டரை ஏமாத்தின டைரக்டரே, வெளியே வா!"

எல்லாரையும்விட ஆபரேட்டரின் குரல்தான் ஓங்கி ஒலித்தது. முப்பத்திரண்டு ஆண்டுகளாகப் படம் ஓட்டும் அறையில் வாய் திறக்க வேலையின்றி இருந்தவர், அத்தனைக்கும் சேர்த்து இன்று முழங்கினார்.

இயக்குநரின் வீட்டு வாசலில் தியேட்டர் ஊழியர்கள் பதினான்கு பேரும் திரண்டிருந்தனர். அவருடைய படம் வரும் வெள்ளிக்கிழமை தியேட்டரைத் தொடாமல் நேரே ஓ.டி.டி.யில் வருகிறது. "போடறதுக்குப் படம் இல்ல, இழுத்து மூட வேண்டியதுதான்" என்று முதலாளி கையை விரித்துவிட்டார்.

"காட்டையும் மலையையும் எடுத்து, உள்ளங்கையில வச்சுப் பார்க்கச் சொல்றாராம்!" என்றாள் டிக்கெட் கொடுக்கும் அக்கா. "யானை வந்தா எறும்புன்னு ஊதி விட்டுடப் போறாங்க!"

சிரிப்பு எழுந்தது, எழுந்த வேகத்திலேயே அடங்கியது. வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே என்ற கவலை எல்லார் முகத்திலும் இருந்தது.

கதவு திறந்தது. இயக்குநரே நின்றார். சவரம் செய்து பல நாளான முகம்.

"யாராவது ஒருத்தர் உள்ள வாங்க. பேசலாம்."

"நீங்க போங்கண்ணே," என்று அக்கா ஆபரேட்டரைத் தள்ளிவிட்டாள். "நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வாங்க."

கூடத்தில் இருந்த இரண்டு நாற்காலிகளிலும் ஒட்டப்படாத சுவரொட்டிகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. ஒரு கட்டை இறக்கி வைத்து இயக்குநர் இடம் பண்ணினார். ஆபரேட்டர் உட்காரவில்லை.

"பெரிய திரையில பார்க்கிறதுக்குன்னே எடுத்த படம் சார் அது. நம்ம தியேட்டர்ல போட்டுக் காட்டினப்போ தியேட்டர் முதலாளிங்க நாலு பேர் ஒரு தடவை உதட்டைப் பிதுக்கினா, அதோட ஓடிடறதா? திரும்பத் திரும்ப வந்து நின்னிருக்க வேண்டாமா? நீங்க விட்டுக் கொடுத்ததுல எங்க பதினாலு குடும்பம் தெருவுக்கு வந்துடுச்சு."

"நிக்கணும்னுதான் நினைச்சேண்ணே," என்றார் இயக்குநர். அவர் குரலில் கோபம் இல்லை. அது எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. "படத்தைப் பார்க்காம பாதியில எந்திரிச்சுப் போயிருந்தாங்கன்னா, வீம்புக்காவது பத்து தடவை வந்து கதவைத் தட்டியிருப்பேன். பார்க்காதவன் பேச்சுக்கு என்ன மதிப்பு? ஆனா நாலு பேரும் முழுசா உட்கார்ந்து பார்த்தாங்க. பார்த்துட்டு வேண்டாம்னாங்க. அதுக்கு மேல நான் எந்த முகத்தோட வந்து நிக்கிறது? படம் தேறாதுன்னு எனக்கே தோணிடுச்சு. யார் கேட்டாலும் கொடுத்துத் தலைமுழுகிடலாம்னு இருந்தேன். இந்த ஓ.டி.டி.காரங்க வந்து கேட்டாங்க."

ஆபரேட்டர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முழுசா பார்த்தாங்கன்னு உங்களுக்கு..."

"என்னண்ணே, மறந்துட்டீங்களா? நீங்கதானே சொன்னீங்க! முதலாளிங்க ஒருத்தர்கூட என் முகத்தைப் பார்த்துப் பேசல, போன்லதான் வேண்டாம்னாங்க. நீங்க ஒருத்தர்தான் மேலேருந்து இறங்கி வந்து, 'கடைசிவரைக்கும் நாலு பேரும் அசையல சார்'னு என் கையைப் பிடிச்சுச் சொன்னீங்க."

ஆபரேட்டர் மறக்கவில்லை. விலைக்குக் கேட்பவர்களுக்குப் படத்தைப் போட்டுக் காட்டும்போது, எடுத்தவர் அரங்குக்குள் இருக்கக் கூடாது என்பது தொழில் வழக்கம். அன்று இயக்குநர் வெளியே படிக்கட்டில், பரீட்சை எழுதிய பிள்ளையைப் போல நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்து உள்ளதைச் சொல்ல இவருக்கு மனம் வரவில்லை. நாலு நல்ல வார்த்தை சொன்னால் மனிதர் நிம்மதியாகத் தூங்குவாரே என்றுதான் அப்படிச் சொன்னார்.

"சார்... ஒருவேளை அவங்க பார்க்காமலே போயிருந்தாங்கன்னா? இப்ப அந்தப் படத்தைத் திருப்பி வாங்க முடியாதா?"

"கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாச்சுண்ணே. இனி நானே நினைச்சாலும் எந்தத் தியேட்டர்லயும் போட முடியாது. அதை விடுங்க. நீங்க அன்னைக்கு உண்மையைச் சொன்னீங்களே, அதுவே எனக்குப் பெரிசு. இல்லேன்னா வீணா நம்பிக்கிட்டே அலைஞ்சிருப்பேன்."

இயக்குநர் இரு கைகளையும் கூப்பினார்.

பத்தாவது நிமிடத்திலேயே நான்கு முதலாளிகளும் எழுந்து பக்கக் கதவு வழியாக வெளியேறியதும், காலி நாற்காலிகளுக்கு எதிரே மீதிப் படம் முழுவதும் ஓடியதும், மாடி அறையின் சிறு ஜன்னல் வழியே கண்கள் நிறைய அதைக் கடைசிவரை பார்த்திருந்த ஒரே மனிதருக்கு மட்டுமே தெரியும்.