இடது கரை

படகில் இருந்த அத்தனை பேரும் வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வலது பக்கம் அரண்மனைப் படித்துறை. அதையடுத்து நானூறு வருடத்து மணிக்கூண்டு. வழிகாட்டி மைக்கைப் பிடித்துக்கொண்டு ராஜாக்களைத் தேதிவாரியாகச் சிம்மாசனத்தில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்.

வெள்ளம் வடிந்தபின் கிளம்பிய முதல் சுற்றுலாப் படகு அது. கரைச்சாலை மூன்று இடத்தில் அறுந்து கிடந்தது. நகராட்சியின் ஒரே படகும் வெள்ளத்தோடு போயிருந்தது. ஆற்றின் வளைவுக்கு அப்பால் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பத்து நாளாக யாருக்கும் தெரியாது.

அதனால்தான், பிறந்து வளர்ந்த ஊரையே சுற்றிப் பார்க்க அக்கா டிக்கெட் எடுத்திருந்தாள்.

வளைவுக்கு அப்பால் இருந்தது தங்கையின் கரை. முந்நூறு மீட்டர். அதன் பின்னால் நாற்பது வீடுகள்.

தங்கை நாற்றங்கால் வைத்திருந்தாள். ரோஜாவும் குரோட்டன்ஸும் விற்று நிம்மதியாக இருந்திருக்கலாம். அவளோ ஆற்றோரமாக அலைந்து, அந்த மண்ணிலேயே காலங்காலமாக முளைத்துவந்த கோரை, நாணல், நொச்சி என்று தேடி எடுத்துவந்து வளர்த்தாள். ஆறு கரையை அரித்துக்கொண்டே போகிறது, இடம் கொடுங்கள், நட்டுக் காட்டுகிறேன் என்று நகராட்சிக்கு நடையாய் நடந்தாள்.

நகராட்சி கான்கிரீட் சுவர் கட்ட முடிவு செய்திருந்தது. கூட்டத்தில் சுவரின் பொறியாளர் எழுந்து, புல்லைக் கொண்டுபோய் வெள்ளத்துக்குக் குறுக்கே வைப்பதா என்று கேட்டார். அறையே சிரித்தது. அந்தப் பொறியாளரோடு தங்கை ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வளைவுக்கு அப்பால் சேறு ஆழம். அங்கே அஸ்திவாரம் நிற்காது என்று சுவர் பாதியில் நின்றது. மிச்சக் கரையைத் தொலைந்துபோ என்பது மாதிரி தங்கையிடம் விட்டார்கள்.

மூன்று வருடம் முழங்கால் சேற்றில் நின்று நட்டாள். ஊர் அவளுக்குப் 'புல்லுக்கட்டு' என்று பெயர் வைத்தது.

வெள்ளம் வருகிறது என்றதும் நாற்பது வீட்டுக்காரர்களையும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிவிட்டவள் அவள்தான். கடைசி ஆளை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டாள். புல்லுக்கட்டுக்கு இப்போது மாவுக்கட்டு. அந்த வீட்டுக்காரர்கள் இன்னும் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தார்கள். திரும்பிப் போக வீடு இருக்கிறதா என்றே அவர்களுக்குத் தெரியாது.

காலையில் அக்கா செருப்பு மாட்டும்போது தங்கை கட்டிலிலிருந்தே சொன்னாள்:

"பச்சை தெரியலன்னா பதறாத, சேறு மூடியிருக்கும். கரை இருந்த இடத்துல இருக்கா, அத மட்டும் பாரு. இல்லன்னா போன் பண்ணாத. நேர்ல வந்து சொல்லு."

படகு நகர்ந்தது. இடது பக்கம் சுவர் தொடங்கியது.

தொடங்கிய இடத்தில் மட்டும்தான் இருந்தது. அதற்கப்புறம் பாளம் பாளமாக ஆற்றுக்குள் மல்லாந்து கிடந்தது. அடிமண்ணை ஆறு தோண்டி எடுத்திருந்தது. பின்னாலிருந்த பூங்காவில் ஒரு பெஞ்சுகூட இல்லை.

"இது எந்த ராஜா காலத்துக் கோட்டைங்க?" என்று ஒருவர் ஆர்வமாகப் படம் எடுத்தார்.

"கோட்டை இல்லீங்க. மூணு வருஷம் முன்னாடி கட்டின சுவர்," என்றார் வழிகாட்டி.

படகே கொல்லென்று சிரித்தது. அக்காவால் சிரிக்க முடியவில்லை. கான்கிரீட்டுக்கே இந்தக் கதி. கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டாள்.

படகு வளைவில் திரும்பியது.

கரை இருந்தது.

நாணல் முழுக்க, எண்ணெய் வைத்து வாரிவிட்ட தலைபோல, ஒரே பக்கமாகப் படுத்திருந்தது. வேர் பிடியை விடவில்லை. கோரையை மூடிய சேற்றைக் குத்திக்கொண்டு ஊசி ஊசியாகப் பச்சை கிளம்பியிருந்தது. நொச்சிக் கிளைகளில் எங்கிருந்தோ வந்த ஒரு கதவு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. வெள்ளம் சுமந்துவந்த வண்டலைச் செடிகள் பிடித்து வைத்துக்கொண்டதில் கரை முன்பைவிட ஒரு முழம் உயர்ந்திருந்தது. அதை அளந்து பார்க்க அக்காவுக்கு அளவுகோல் தேவைப்படவில்லை.

பின்னால் கூரைகள். எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். நாற்பது.

"நிக்குது!" என்று எழுந்து நின்று கத்தினாள். "எல்லாம் நிக்குது!"

எல்லாத் தலைகளும் சடாரென்று இடது பக்கம் திரும்பின. வழிகாட்டிக்கு அந்தப் பக்கத்தைப் பற்றி மனப்பாடம் எதுவும் இல்லை. மைக்கை இறக்கிவிட்டு அவரும் பார்த்தார்.

அக்கா போனை எடுத்தாள். முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் தங்கை எடுத்துவிட்டாள்.

"நிக்குதுடி! ஒரு முழம் ஒசந்தே நிக்குது. நாப்பது வீடும் அப்படியே இருக்கு. பள்ளிக்கூடத்துக்குச் சொல்லி அனுப்பு."

அந்தப் பக்கம் அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம். அது அடங்க நேரமாயிற்று. பிறகு தங்கை குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அக்கா... உன் சுவர்?"

"போச்சு. முழுசா போச்சு." அக்காவுக்கு இப்போதுதான் சிரிப்பு வந்தது; வயிறு குலுங்கச் சிரித்தாள். "அந்தக் கரைக்கு எத்தனை நாத்து வேணும்னு கணக்குப் போட்டு வை. கையெழுத்து நான் போடறேன்."